அடிபட்ட நாய்க்கு கேஜ் ரெஸ்ட்: பாவம் பாத்து நாம பண்ற தப்புகள்

பைக் மோதி தொடை எலும்பு உடைஞ்சு பிளேட் வெச்சு வந்த நாயா இருக்கட்டும், மொட்டை மாடியில இருந்து விழுந்து இடுப்பெலும்பு விரிசல் விட்டதா இருக்கட்டும், திடீர்னு பின்னங்கால இழுக்க ஆரம்பிச்ச டாஷ்ஹண்டா (நீள முதுகு, குட்டைக் கால் ஜாதி) இருக்கட்டும், டாக்டர் கடைசியா சொல்லி அனுப்பறது ஒண்ணுதான், இத்தனை வாரம் கூண்டை விட்டு வெளிய விடாதீங்க. கடன் வாங்கியாவது ஆபரேஷன் பண்றவங்க கூட இந்த வாரங்கள்லதான் சறுக்கறாங்க. அலட்சியத்தால இல்ல, அது கூண்டுக்குள்ள இருந்து நம்மள பாக்கற பார்வையை தாங்க முடியாமதான். அடிபட்ட நாய்களை வீட்டுல வெச்சு பாத்துக்கறவளா சொல்றேன், இந்த பாசம்தான் அதுக்கு பெரிய ஆபத்து.

எல்லாத்துலயும் மோசமான தப்பு "இப்ப நல்லாத்தான நடக்குது" ன்னு திறந்து விடறது. ரெண்டாவது வாரம் மூணாவது வாரத்துல வலி குறைஞ்சுடும், வலி மாத்திரை வேற உள்ள போகுது, நாய் வாலாட்டிட்டு குதிக்க ஆரம்பிக்கும், நமக்கும் சரியாயிடுச்சுன்னு தோணும். ஆனா எலும்பு அந்த வேகத்துல சேராது. குட்டிகளுக்கு நாலுல இருந்து ஆறு வாரம், வளந்த நாய்க்கு எட்டுல இருந்து பன்னெண்டு வாரம் வரை ஆகலாம். அதுவரைக்கும் உடைஞ்ச ரெண்டு துண்டையும் பிடிச்சு வெச்சிருக்கறது அந்த பிளேட்டும் ஸ்க்ரூவும் மட்டும்தான். கம்பியை இப்படியும் அப்படியும் வளைச்சிட்டே இருந்தா ஒரு கட்டத்துல பட்டுனு உடையுதுல்ல, ஒவ்வொரு தடவை சோபாவுல ஏறி குதிக்கும்போதும் அந்த பிளேட்டுக்கும் அதேதான் நடக்குது. ஸ்க்ரூ லூஸ் ஆகும், எலும்புக்குள்ள கம்பி (பின்) வெச்சிருந்தா அது இடம் நகரும், அப்புறம் மறுபடி மயக்க மருந்து மறுபடி ஆபரேஷன், ரெண்டாவது தடவை எலும்பு சேர்றதும் கஷ்டம். அதனால கூண்டு எப்ப திறக்கணும்னு எக்ஸ்ரே பாத்துட்டு டாக்டர் சொல்லணும், நாயோட உற்சாகத்தை வெச்சு நாம முடிவு பண்ணக்கூடாது.

முதுகுத்தண்டு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கறது) பிரச்சனை உள்ள நாய்க்கு இது இன்னும் முக்கியம். கிழிஞ்ச டிஸ்க்கோட வெளிப்பக்கம் ஆறி இறுகறதுக்கு நாலுல இருந்து ஆறு வாரமாவது வேணும், நடுவுல ஒரு ஓட்டம் ஓடினா உள்ள இருக்கறது இன்னும் பிதுங்கி நரம்பை அமுக்கிடும். நேத்து தள்ளாடி நடந்த நாய் இன்னிக்கு எந்திரிக்கவே முடியல, பாதத்தை கிள்ளினா உணர்வே இல்லன்னா நாளைக்கு பாக்கலாம்னு விடாதீங்க, அன்னிக்கே ஓடுங்க. சென்னையில இருக்கறவங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு.

அடுத்தது, கூண்டு வாங்காம ஜன்னல் கம்பியில சங்கிலி போட்டு கட்டறது. இது ரெஸ்டே இல்ல. காலிங் பெல் அடிச்சா பாயும், பாய்ஞ்ச வேகத்துல சங்கிலி இழுக்கும், முறுக்கிக்கிட்டு விழும். ஒரு ரூம்ல போட்டு கதவை சாத்தறதும் பத்தாது, டைல்ஸ் தரையில வழுக்கும். நாய் நிக்கணும், திரும்பணும், காலை நீட்டி படுக்கணும், அவ்வளவு இடம் போதும், குதிச்சு விளையாடற அளவு இருந்தா அது பெருசு. இருபது கிலோ நாட்டு நாய்க்கு பொதுவா 36 இன்ச் மடக்கு கேஜ் சரியா இருக்கும், கால் நீளமான நாய்னா 42. அடியில ரப்பர் மேட் போட்டு மேல பழைய போர்வை போடுங்க. தனியா பின்கட்டுல வெச்சா அழும், ஹால்ல ஃபேன் காத்து படற இடத்துல வைங்க, ஆள் நடமாட்டம் கண்ணுல பட்டாலே பாதி அமைதியாயிடும். வீட்டுல சின்ன பசங்க இருந்தா கூண்டுக்கு ஒரு கொக்கி கூட மாட்டிடுங்க.

மாத்திரை விஷயத்துல கெஞ்சி கேக்கறேன், வீட்டுல இருக்கற மனுஷ மாத்திரையை கொடுக்காதீங்க. இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், இதெல்லாம் நாய்க்கு வயித்துல புண்ணாக்கி கிட்னியை கெடுக்கும், காம்பிஃபிளாம்ல இபுப்ரோஃபெனும் பாரசிட்டமாலும் ரெண்டுமே இருக்கு. டாக்டர் மெலாக்ஸிகாம்னு வலி மருந்து எழுதி கொடுத்திருந்தா சாப்பாடு கொடுத்துட்டு, சொன்ன அளவு மட்டும் கொடுங்க, வலிக்குதேன்னு இன்னொரு டோஸ் சேக்கக்கூடாது. வாந்தி, கருப்பா மலம், சாப்பாடு மறுக்கறது, இதுல ஒண்ணு பாத்தாலும் நிறுத்திட்டு போன் பண்ணுங்க. வேற டாக்டர் கிட்ட போய் ஸ்டீராய்டு ஊசி போடறதா இருந்தா, ஏற்கனவே கொடுத்துட்டு இருக்கற வலி மாத்திரை பேரை ஊசிக்கு முன்னாடியே கண்டிப்பா சொல்லணும், ரெண்டும் சேந்தா குடல்ல ஓட்டை விழற அளவுக்கு போகும்.

எண்ணெய் போட்டு உருவி விடறது, மூங்கில் பட்டை வெச்சு கட்டு போடறது பத்தியும் சொல்லணும், ஏன்னா நாட்டு வைத்தியத்துல நம்பிக்கை உள்ளவங்க நல்ல மனசோடதான் பண்றாங்க. ஒரு எலும்பை அசையாம வைக்கணும்னா அதுக்கு மேல உள்ள மூட்டும் கீழ உள்ள மூட்டும் சேந்து கட்டுக்குள்ள வரணும். நாயோட தொடை எலும்புக்கு மேல இருக்கறது இடுப்பு, அங்க கட்டு நிக்காது, சரிஞ்சு சரியா உடைஞ்ச இடத்துலயே வந்து நிக்கும், அந்த கனமே எலும்பை இன்னும் விலக்கும். உருவறது உடைஞ்ச முனையை சதைக்குள்ள குத்த வைக்கும். தயவுசெஞ்சு வேணாம்.

கட்டு இருக்கற காலை தினமும் பாக்கணும். விரல் ஜில்லுனு இருக்கா, நடு ரெண்டு விரலோட நகம் விலகி விரியுதா, நாத்தம் வருதா, மேல் பக்கம் வீங்கியிருக்கா, கட்டையே கடிச்சிட்டு இருக்கா, எதுவா இருந்தாலும் அன்னிக்கே டாக்டர் கிட்ட அவிழ்த்து பாக்க வைங்க, இறுக்கமான கட்டால காலே போன நாய்கள் இருக்கு. வெளிய போகும்போது பாதத்துக்கு பாலித்தீன் கவர், உள்ள வந்ததும் கழட்டிடணும், விட்டா உள்ள வேர்த்து ஊறும். நம்ம ஊர் வெயிலுக்கு ஈரமான கட்டுல ஈ முட்டை வெச்சா சீக்கிரத்துலயே புழு வந்துடும். காயத்தை நக்காம இருக்க கழுத்துல மாட்டற கோனை கழட்டறதும் இதே மாதிரிதான், அஞ்சு நிமிஷம் நக்கட்டும்னு விட்டா தையல் பிரிஞ்சுடும், தையல் எடுக்கற பத்து பதினாலு நாள் வரைக்கும் கோன் இருக்கட்டும், சாப்பிடும்போது நாம பக்கத்துல உக்காந்து கழட்டி திரும்ப மாட்டிடலாம்.

ஒண்ணுக்கு ரெண்டுக்கு கூட்டிட்டு போறதுன்னா அது வாக்கிங் இல்ல. சின்ன கயித்துல பிடிச்சு, பின்பக்கம் பலமில்லன்னா வயித்துக்கு அடியில ஒரு துண்டை கொடுத்து தாங்கி (ஆண் நாய்னா மூத்திரம் போற இடத்தை அமுக்காம), அஞ்சு நிமிஷத்துல திரும்பிடணும். படியில தூக்கிட்டு போங்க. இடுப்பெலும்பு அடிபட்ட நாய் முக்கிட்டே மலம் போகலன்னாலும், எந்த நாயா இருந்தாலும் பாதி நாளுக்கு மேல மூத்திரமே போகலன்னாலும் டாக்டருக்கு சொல்லணும். எந்திரிக்க முடியாத நாயை நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது பக்கம் மாத்தி படுக்க வைங்க, இல்லன்னா படுக்கைப்புண் வந்துடும்.

சாப்பாடு கொஞ்சம் குறைங்க, ஓடாத நாய் சீக்கிரம் வெயிட் போடும், அந்த வெயிட்டும் அதே கால்லதான் ஏறும். கால்சியம் டானிக் நாமளா ஊத்தறதால எலும்பு சீக்கிரம் சேராது, பெரிய ஜாதி குட்டிகளுக்கு அதிகமானா கெடுதலே. எலும்பு சூப் கொடுக்கறவங்க வெங்காயம் பூண்டு போடாம, எலும்பை எடுத்துட்டு கொடுங்க.

அதுக்கு போர் அடிக்கறதையும் நோயா நினைச்சு கவனிங்க. கெட்டித் தயிரை ஒரு சின்ன டப்பாவுல ஃப்ரீசர்ல வெச்சு கொடுத்தா ரொம்ப நேரம் நக்கிட்டு இருக்கும், சாப்பாட்டையே பழைய துண்டுல சுருட்டி வெச்சா மோந்து மோந்து எடுக்கும், மோப்பம் பிடிக்கறது நாயை நல்லா களைப்பாக்கும். அப்பவும் கூண்டை முட்டிட்டே இருந்தா அமைதியா வைக்க மருந்து இருக்கு, டாக்டர் கிட்ட கேளுங்க, அதுல தப்பே இல்ல. தீபாவளி சமயம் வந்தா முன்னாடியே கேட்டு வாங்கி வெச்சிடுங்க.

எக்ஸ்ரே நல்லா இருக்குன்னு சொன்ன அன்னிக்கே பீச்ல அவுத்து விடாதீங்க. சதை எல்லாம் இளைச்சிருக்கும். கயித்தோட அஞ்சு பத்து நிமிஷ நடையில ஆரம்பிச்சு வாராவாரம் அஞ்சஞ்சு நிமிஷமா நேரத்தை அதிகமாக்குங்க. தெரு நாய்னா அதோட பழைய இடத்துலயே விடுங்க, ஆனா அத்தனை வாரம் கழிச்சு போனா அதோட கூட்டமே துரத்தும், அதனால விடறதுக்கு முன்னாடி சில நாள் கயித்தோட அந்த தெருவுக்கு கூட்டிட்டு போய் மத்த நாய்கள் தூர இருந்தே மோந்து பாக்க விடுங்க, அங்க சாப்பாடு வைக்கற அக்கா அண்ணன் யாராவது இருந்தா அவங்க கையாலயே அந்த இடத்துல அதுக்கு ஒரு வேளை சாப்பாடு போடச் சொல்லுங்க, அது நிம்மதியா சாப்பிட்டு அங்கயே படுக்க ஆரம்பிச்சப்புறம் கயித்தை அவுத்து விடுங்க.