பிர்ச் மரப்பட்டையிலிருந்து நியாண்டர்தால் பசை: தொடக்கநிலைச் செய்முறை

இத்தாலியின் காம்பிட்டெல்லோவில் கிடைத்த, சுமார் 2,00,000 ஆண்டுகள் பழமையான கற்சில்லுகளில் பிர்ச் மரப்பட்டையிலிருந்து எடுத்த கருந்தார் ஒட்டியிருந்தது. அழிந்துபோன பழைய மனித இனமான நியாண்டர்தால்கள் பசையாகப் பயன்படுத்தியது இதைத்தான். மண்பானைகூட இல்லாத காலத்தில் அதை எப்படி எடுத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் செய்து பார்த்த வழிகளுள் மிக எளியதை இங்கே பார்ப்போம்.

காய்ந்த பிர்ச் பட்டை, வழவழப்பான கல், கூரான சிக்கிமுக்கிச் சில்லு ஆகிய மூன்றும் போதும். உயிருள்ள மரத்தை உரிக்க வேண்டாம். விழுந்த மரத்தில் உள்கட்டை உளுத்துப்போன பிறகும் பட்டை கெடாமல் இருக்கும். (பழைய சுவடிகள் எழுதப்பட்ட இமயமலைப் பூர்ஜ மரமும் பிர்ச் வகைதான்.) ஆற்றில் எடுத்த கல்லை நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள், ஏனெனில் ஈரம் ஊறிய கல் சூட்டில் வெடிக்கக்கூடும்.

நெருப்பு மூட்ட உங்களுக்குத் தீப்பெட்டி போதும். பிரான்சில் கிடைத்த, ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் பழமையான நியாண்டர்தால் கைக்கோடரிகளிலோ பைரைட் கல்லை உரசித் தீப்பொறி எழுப்பியதைக் காட்டும் தடங்கள் உள்ளன.

காற்றோட்டமான திறந்தவெளியில் கல்லைச் சற்றுச் சாய்வாக நிறுத்தி, அதன் அடியில் பட்டைத் துண்டு ஒன்றைக் கொளுத்துங்கள். எண்ணெய்ப் பசையுள்ள அந்தப் பட்டை சுருண்டுகொண்டே மஞ்சள் சுடராக எரிந்து கரும்புகை கக்கும். சுடர் கல்லின் முகத்தை நக்கும்படி பார்த்துக்கொண்டால் அங்கே பளபளப்பான கறுப்புப் படலம் படியும். சூடு ஆறுவதற்குள் அதைச் சில்லால் சுரண்டி ஒரே இடத்தில் சேர்த்துவிட்டு, அடுத்த துண்டைக் கொளுத்துங்கள். மூன்று மணி நேரம் இப்படிச் செய்தாலும் ஒரு கிராம்கூடத் தேறாது என்பதால் பொறுமை வேண்டும்.

சேர்ந்த தாரை அனலில் காட்டி இளக்கிப் பிசைந்து, சில்லின் மழுங்கிய பக்கத்தில் அப்பி ஆறவிடுங்கள். மரப்பிடி கட்டாயமில்லை: நெதர்லாந்துக் கடற்கரையில் கிடைத்த, சுமார் 50,000 ஆண்டுகள் பழமையான சில்லில் தார்க்கட்டியே பிடியாக இருந்திருக்கிறது.

ஆனால் எல்லா நியாண்டர்தால்களும் இப்படித்தான் செய்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஜெர்மனியின் கோனிக்ஸவ்வில் கிடைத்த இரண்டு தார்த்துண்டுகளை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, அவை காற்றுப் புகாதபடி மண்ணுக்கடியில் பட்டையைச் சூடாக்கிச் செய்யப்பட்டவை என்கிறது. அது கடினமான வேலை. கல்முறை கைவந்த பிறகு முயலலாம்.

கோனிக்ஸவ் தார்த்துண்டுகளுள் ஒன்றில் விரல்ரேகை பதிந்திருக்கிறது. உங்கள் விரலிலும் தார் ஒட்டத்தான் செய்யும்; வெறும் தண்ணீருக்கு அது அசையாது என்பதால் சமையல் எண்ணெயைத் தேய்த்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.