மறுப்புக்கு இடம் தரும் மைய வாதம்
விவாதக் கட்டுரையின் மைய வாதம், விவரம் அறிந்த ஒருவர் நியாயமாக மறுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். 'இந்தியாவில் வாக்களிக்கும் வயது 1989இல் 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது' என்பது தகவல் மட்டுமே; அதன்மேல் வாதம் எழாது. 'இளைஞர்கள் அரசியலுக்கு வர வேண்டும்' என்பதோ எல்லோரும் தலையசைத்துக் கடந்துவிடும் பொதுப்பேச்சு. மாறாக, '18 வயதில் அரசைத் தேர்ந்தெடுக்கும் தகுதி உண்டென்று சட்டமே ஏற்றுக்கொண்ட பின், மக்களவைக்குப் போட்டியிட 25 வயது நிரம்ப வேண்டும் என்று விதிப்பது முரணானது என்பதால், அந்த வரம்பையும் 18ஆகக் குறைக்க வேண்டும்' என்று எழுதினால், காரணமும் நிலைப்பாடும் ஒரே வாக்கியத்தில் அமைந்துவிடுகின்றன. வாக்களிக்கத் தேவையான முதிர்ச்சி வேறு, சட்டமியற்றத் தேவையான முதிர்ச்சி வேறு என்ற மறுப்பு வாசகர் மனத்தில் உடனே எழும். கட்டுரையின் அடுத்த பத்திகள் அந்த மறுப்புக்குத்தான் விடையளிக்க வேண்டும்.