வெளிநாட்டிலிருந்து பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஆரம்பத்திலிருந்து ஒரு விளக்கம்

மஸ்கட்டில் இருக்கும் என் பெரியப்பா மகன் போன மாதம் வீடியோ காலில் வந்தார். பின்னால் ஒரு லேண்ட் குரூசர் நின்றது. 94 மாடல், வெள்ளை நிறம், பெயின்ட் கொஞ்சம் மங்கியிருந்தது. "மக்கா, சும்மா குடுக்கிற விலைக்கு வருது. கப்பல்ல ஏத்தி விட்டா நீ நம்ம ஊர்ல எறக்கிருவியா?" என்று கேட்டார். ஆசை யாருக்குத்தான் இல்லை? கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துச் சரிவில் பழைய ஜீப்பில் ஏறிப் பழகிய எங்கள் குடும்பத்தில் எல்லாருக்குமே அந்த ஆசை உண்டு. ஆனாலும் "அண்ணே, அந்த வண்டி வராது" என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

ஏன் வராது, எது வரும், வரும் வண்டியை எப்படிக் கொண்டு வருவது என்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு நம் மாவட்டத்தில் குறைவு. இந்தக் கேள்வி பல வீடுகளில் எழும்.

முதல் படி: வண்டியின் வயதைக் கணக்குப் பாருங்கள்

விலை பேசுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பயன்படுத்திய காரை இந்தியாவுக்குள் கொண்டு வர வேண்டுமென்றால், அது தயாரிக்கப்பட்டு 3 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இது வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் விதி. ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும், ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும், ஹெட்லைட் வெளிச்சம் இடது பக்கம் ஓட்டும் நாட்டுக்கு ஏற்றபடி விழ வேண்டும் என்ற நிபந்தனைகளும் உண்டு. வளைகுடா வண்டிகளில் ஸ்டியரிங் இடது பக்கம். ஆகவே அண்ணன் காட்டிய வண்டி வயதிலும் அடிபடுகிறது, ஸ்டியரிங்கிலும் அடிபடுகிறது.

அடுத்த கதவு விண்டேஜ் வண்டிகளுக்கானது. முன்பு 1950க்கு முந்தைய வண்டிகளுக்குத்தான் அது திறந்திருந்தது. 2025இல் 50 ஆண்டு முடிந்த வண்டி என்று மாற்றினார்கள். ஒவ்வோர் ஆண்டு போகப் போக ஒரு மாடல் ஆண்டு உள்ளே வரும்.

இதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். நாம் ஆசைப்படுகிற 80 சீரிஸ் லேண்ட் குரூசர், பழைய பிராடோ, நிசான் பேட்ரோல், டிஃபெண்டர் எல்லாம் 3 வயதுக்கும் 50 வயதுக்கும் நடுவில் நிற்கின்றன. அந்த இடைவெளியில் சாதாரண ஆளுக்கு வழி கிடையாது. "நான் முடித்துத் தருகிறேன், கொஞ்சம் கூடச் செலவாகும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கை: ஒரேயடியாக ஊருக்குத் திரும்பி வரும்போது வீட்டுச் சாமானோடு சேர்த்து வண்டியையும் பேக்கேஜ் கணக்கில் கொண்டு வரலாம் என்பது. மோட்டார் வாகனம் பேக்கேஜ் சலுகையில் சேராது. வெளிநாட்டில் குடியிருப்பவர் கார்னெட் என்ற ஆவணத்தோடு தன் வண்டியைத் தற்காலிகமாகக் கொண்டு வந்து ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டு போகலாம். அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான ஏற்பாடு, வண்டி இங்கேயே தங்க முடியாது.

மூன்று வயதுக்கு உட்பட்ட வண்டியைப் பற்றி நீட்டப் போவதில்லை. மும்பை துறைமுகம் வழியாகத்தான் இறக்க முடியும். விழிஞ்ஞம் துறைமுகம் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, தூத்துக்குடியும் இருக்கிறதே என்று கேட்பார்கள். பயன்படுத்திய காருக்கு இரண்டும் உதவாது. ஏற்றுவதற்கு முன் ஒரு பரிசோதனைச் சான்று, இறங்கிய பின் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகனச் சோதனை நிலையம் போன்ற அமைப்பில் ஒரு சோதனை. இனி எழுதுவது முழுக்க 50 வயது தாண்டிய வண்டியைப் பற்றி.

இரண்டாம் படி: வண்டியைத் தேர்ந்தெடுப்பது

வலது பக்க ஸ்டியரிங் உள்ள நாடுகளில் தேடுங்கள்: இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, ஜப்பான். 1971இல் வந்த லேண்ட் ரோவர் சீரிஸ் 3, அதற்கு முந்தைய சீரிஸ் 2ஏ, டொயோட்டா எஃப்.ஜே.40, 50 வயது தாண்டிய நிசான் பேட்ரோல், 1970இல் தொடங்கிய சுசுகியின் குட்டி எல்.ஜே. ஜீப். இவைதான் கைக்கு எட்டக்கூடியவை. முதல் முறை வாங்குகிறவருக்கு என் சிபாரிசு லேண்ட் ரோவர். 2286 சி.சி. எஞ்சின், எளிமையான அமைப்பு. உதிரி பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. கார்புரேட்டர் தெரிந்த நம்ம ஊர் மெக்கானிக் ஒரே நாளில் அதைப் புரிந்துகொள்வார்.

துருவைப் பார்ப்பதில்தான் பாதி வெற்றி. லேண்ட் ரோவரின் பாடி அலுமினியக் கலவை, அதைத் தாங்கும் சட்டம் (சேசிஸ்) இரும்பு. படத்தில் பாடி பளபளவென்று இருக்கும், அதை நம்பிச் சட்டத்தைப் பார்க்காமல் விடுவார்கள். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்கள். அது அடியில் ஒட்டி, சட்டத்தை உள்ளிருந்து தின்னும். உங்கள் சார்பில் அங்கே வண்டி பார்க்கப் போகிறவரிடம் ஒரு சின்னச் சுத்தியல் கொண்டு போகச் சொல்லுங்கள். வீடியோ காலில் சத்தம் கேட்கும்படி, சட்டத்தை முன்னிருந்து பின்வரை ஒரு சாண் இடைவெளியில் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று மணி மாதிரிச் சொல்லும். துருத்த இடத்தில் 'தொப்' என்று அடங்கிவிடும், சில சமயம் செதில் உதிரும். பின்பக்கக் குறுக்குச் சட்டம், பாடியைத் தாங்கும் பக்கவாட்டுக் கைகள், ஓட்டுநர் கால் வைக்கும் இடத்து இரும்புத் தகடு, இந்த மூன்றையும் விடவே கூடாது. அடியில் புதிதாகக் கறுப்பு பெயின்ட் கெட்டியாக அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஆஸ்திரேலியாவின் உள்பகுதி வண்டிகளில் துரு பொதுவாகக் குறைவு. அதனால் கொஞ்சம் விலை கூடினாலும் நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

அப்புறம் எண். சீரிஸ் லேண்ட் ரோவரில் சேசிஸ் எண் வலது முன்பக்க ஸ்பிரிங் தாங்கியில் வெட்டியிருக்கும். எஃப்.ஜே.40இலும் வலது முன்பக்கச் சட்டத்தில்தான். தகட்டில் உள்ள எண், சட்டத்தில் உள்ள எண், ஆவணத்தில் உள்ள எண் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நம் வழக்கு முழுவதும் வண்டியின் வயதில்தான் நிற்கிறது, அதை நிரூபிப்பது இந்த எண். சட்டம் மாற்றிய வண்டி, வேறு எஞ்சின் பூட்டிய வண்டி வேண்டாம். விண்டேஜ் பதிவுக்கு வண்டி அதன் மூல வடிவில், பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது.

மூன்றாம் படி: பணக் கணக்கு

பேப்பரையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வண்டி விலை, கப்பல் கட்டணம், இன்சூரன்ஸ் மூன்றும் சேர்ந்ததுதான் சுங்கத்துக்கு அடிப்படை மதிப்பு. அதன் மேல் சுங்கத் தீர்வை, பிறகு இரண்டையும் கூட்டி அதன் மேல் ஜி.எஸ்.டி. 1500 சி.சி.க்கு மேற்பட்ட இந்த வகை வண்டிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். பயன்படுத்திய கார் என்ற கணக்கில் தீர்வை விழுந்தால், 10 லட்சம் அடிப்படை மதிப்புக்குத் தீர்வையும் வரியும் மட்டுமே 20 லட்சத்தைத் தாண்டும். இதைக் கேட்டதும் பலர் போனை வைத்துவிடுகிறார்கள். வண்டி துறைமுகத்தில் கிடக்கும்போது தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

ஆகவே முன்பணம் அனுப்புவதற்கு முன், சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தரும் உரிமம் பெற்ற கிளியரிங் ஏஜெண்ட் ஒருவரிடம் அந்த வண்டியின் ஆண்டு, எஞ்சின் அளவு, விலை எல்லாம் கொடுத்து, எந்தத் தலைப்பில் எவ்வளவு தீர்வை என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். சொந்த உபயோகத்துக்குக் கொண்டு வருகிறவருக்கு இறக்குமதியாளர் குறியீட்டு எண் தேவையில்லை, அந்தக் கவலையை விடலாம்.

நான்காம் படி: ஏற்றுவதும் இறக்குவதும்

20 அடி கண்டெய்னர் போதும். அதன் உள்நீளம் சுமார் 5.9 மீட்டர், கதவு உயரம் சுமார் 2.28 மீட்டர். குட்டை லேண்ட் ரோவரும் எஃப்.ஜே.40உம் நாலு மீட்டருக்குள்தான், உயரமும் இரண்டு மீட்டர் அளவில்தான். தாராளமாக உள்ளே போகும். பெட்ரோல் டேங்கை வடித்து, பேட்டரி வயரைக் கழற்றி, அடிப்பாகத்தை மண் இல்லாமல் கழுவி ஏற்றச் சொல்லுங்கள். இடம் கிடக்கிறதே என்று மிக்சி, போர்வை, பொம்மை எதையும் வண்டிக்குள் வைக்க வேண்டாம். ஒரு சின்னப் பெட்டிக்காக முழு கண்டெய்னரும் நின்றுபோகும்.

விற்பனை ரசீது, அந்த நாட்டுப் பதிவு ஆவணம், ஏற்றுமதிக்காகப் பதிவு நீக்கிய சான்று, கப்பல் ஆவணம், இன்சூரன்ஸ், முதல் பதிவுத் தேதியைக் காட்டும் காகிதம். எல்லாவற்றையும் மூன்று நகல் எடுத்து வையுங்கள். வண்டி இறங்கியதும் ஏஜெண்ட் 'பில் ஆஃப் என்ட்ரி' என்ற இறக்குமதி விவரப் பத்திரத்தைச் சுங்கத்தில் தாக்கல் செய்வார். தீர்வை கட்டிய ரசீதும் அந்தப் பில்லும்தான் வண்டியின் பிறப்புச் சான்றிதழ். நிலப் பத்திரத்தோடு சேர்த்துப் பீரோவில் வையுங்கள்.

ஐந்தாம் படி: பதிவு

நாகர்கோவில் பக்கம் என்றால் டி.என். 74, மார்த்தாண்டம் பக்கம் என்றால் டி.என். 75 என்று நமக்குப் பழக்கம். விண்டேஜ் வண்டிக்கு அந்த எண் வராது. 2021இல் வந்த மத்திய விதிப்படி, மாநிலக் குறியீட்டுக்குப் பின்னால் வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி வரிசையில் எண் கிடைக்கும். படிவம் 20, இன்சூரன்ஸ், பில் ஆஃப் என்ட்ரி, கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000 ரூபாய்.

இனிச் சொல்வதை இரண்டு முறை வாசியுங்கள். இந்தப் பதிவு கிடைத்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு என்று குறிப்பிட்ட காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். வாடகைக்கு விடவே கூடாது. பேச்சிப்பாறைக்கு வாராவாரம் போக, தோட்டத்தில் ரப்பர் ஷீட் ஏற்றத்தான் வண்டி வேண்டும் என்றால் இத்தனை பாடு எதற்கு? நல்ல மாருதி ஜிப்சியோ பழைய மஹிந்திராவோ வாங்குங்கள். எங்கள் தோட்டத்தில் இன்றும் ஓடுவது மஹிந்திராதான், அதன் மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டேதான் போகிறது.

இங்கேயே கிடைக்கும் 'இம்போர்ட்டட்' வண்டி

பெரும்பாலானவர்கள் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். தூதரகங்களுக்காக வந்து, பிறகு தீர்வை கட்டி விற்கப்பட்ட வண்டிகள் நாட்டில் உண்டு. அவை சட்டப்படி சரியானவை. ஆனால் அவற்றின் நடுவே வேறு சரக்கும் கலந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் சோதனை நடத்தி, பூடான் வழியாகக் கடத்தி வந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட வண்டிகளைப் பறிமுதல் செய்தது. போலிக் காகிதம் காட்டி வடமாநிலங்களில் பதிவு செய்து, தெற்கே கொண்டு வந்து விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. களியக்காவிளை தாண்டினால் கேரளம். அந்த வண்டிகள் நம் பக்கம் விலைக்கு வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

எனக்கே ஒரு முறை நடந்தது. தக்கலைப் பக்கம் ஒருவர் ஒரு லேண்ட் குரூசரைக் காட்டினார். அழகான வண்டி. ஆசையில் 25,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மறுநாள் வெயிலில் போய், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் சட்டத்தைத் துடைத்தேன். எண் இருக்க வேண்டிய இடம் மட்டும் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. அதைச் சுற்றிலும் பழைய இரும்பின் சொரசொரப்பு. கிரைண்டர் பிடித்துத் தேய்த்து, அதன் மேல் புது எண் வெட்டியிருக்கிறார்கள். முதல் பதிவு எங்கோ வடக்கே. பில் ஆஃப் என்ட்ரி கேட்டால் "அதெல்லாம் யாரு சார் வச்சிருப்பா?" என்றார். வண்டியை விட்டுவிட்டு வந்தேன். அட்வான்ஸ் திரும்பி வரவில்லை.

அதனால் பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டு முதல் பதிவுத் தேதியையும், ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பு ஆண்டையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே பல ஆண்டு இடைவெளி இருந்தால், அந்த ஆண்டுகளில் வண்டி எங்கே இருந்தது என்று கேளுங்கள். பில் ஆஃப் என்ட்ரி எண்ணும் தேதியும் வாங்கி, சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் சரிபாருங்கள். வேறு மாநில வண்டி என்றால் தடையின்மைச் சான்று கொடுத்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

வண்டி வீட்டுக்கு வந்த பின்

நமக்குக் கடல் பக்கம், மழையும் ஆண்டுக்கு இரண்டு பருவம். அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அரிப்பு வேகமாகும். குளச்சல், முட்டம், மணக்குடிப் பக்கம் வீடு என்றால் வண்டியைத் திறந்த ஷெட்டில் கடலைப் பார்த்து நிறுத்த வேண்டாம். அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடிக்கடி அலசி, காய்ந்ததும் துரு தடுக்கும் மெழுகு அடியுங்கள்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய்களும் கார்புரேட்டரின் டயாஃப்ரமும் அதைத் தாங்காமல் ஊறி வெடிக்கும். முதல் டேங்க் போடுவதற்கு முன்னாலேயே எல்லாக் குழாய்களையும் எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கில் பெட்ரோலை விட்டு வைக்காதீர்கள்.

இன்னொன்று, ஃபோர் வீல் போட்டுக்கொண்டு தார்ச் சாலையில் ஓட்ட வேண்டாம். இந்தப் பழைய வண்டிகள் பெரும்பாலும் பகுதிநேர ஃபோர் வீல். முன் சக்கரமும் பின் சக்கரமும் வளைவில் வேறு வேறு வேகத்தில் சுழல இடம் இல்லாமல் கியர்பாக்ஸ் முறுக்கிக்கொள்ளும். சேற்றிலும் மணலிலும் மட்டும் போடுங்கள், தார் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் அந்த வெள்ளை வண்டியின் பானெட்டைத் தட்டிக்கொண்டே, "அப்போ 74 மாடல் லேண்ட் ரோவர் ஒண்ணு தேடட்டா?" என்று கேட்டார். சுத்தியல் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.