ஆண்டெனாவின் குறையா, வழியின் குறையா? செல்பேசி சிக்னலை அளந்தறியும் முறை

ஒரு தெருவில் சிக்னல் எடுக்கவில்லை என்று புகார் வந்தால், பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்: ஆண்டெனாவிலிருந்து போதிய ஆற்றல் புறப்படவில்லை, அல்லது புறப்பட்ட ஆற்றல் வழியில் தேய்ந்துவிட்டது. இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லாத அளவீடு எத்தனை வண்ண வரைபடங்களோடு வந்தாலும் பயனில்லை என்பதே என் உறுதியான கருத்து. எனவே தெருவில் இறங்குவதற்கு முன் டவரைச் சோதிக்க வேண்டும். தெருவில் எடுத்த எண்களை அதன் பிறகே நம்ப வேண்டும்.

எதை அளப்பது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். திரையில் தெரியும் கோடுகள் அளவீடு அல்ல. எத்தனை டிபிஎம்முக்கு (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு, டெசிபெல் என்னும் மடக்கை அளவில் சொல்லும் ஆற்றல்) எத்தனை கோடு என்பதைக் கைப்பேசி நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி வைத்திருக்கின்றன. 4ஜி வலையமைப்பில் நமக்கு வேண்டியது ஆர்எஸ்ஆர்பி என்னும் எண். டவரிலுள்ள பேஸ் ஸ்டேஷன் இடைவிடாமல் அனுப்பும் குறிப்புச் சிக்னலின் ஆற்றலை, அலைவரிசையின் 15 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள கூறான ஒரே ஒரு துணை அலைக்குக் கணக்கிட்டுச் சொல்வது அது. ஆர்எஸ்எஸ்ஐ என்பது வேறு: அலைவரிசை முழுவதிலும் வந்து சேரும் சிக்னல், குறுக்கீடு, இரைச்சல் எல்லாவற்றின் கூட்டுத்தொகை. 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1200 துணை அலைகள் இருப்பதால், இரண்டுக்கும் இடையே 30 டெசிபெல் அளவுக்கு வேறுபாடு இருப்பது இயல்பு. ஒருவர் ஆர்எஸ்எஸ்ஐயையும் மற்றொருவர் ஆர்எஸ்ஆர்பியையும் கையில் வைத்துக்கொண்டு வாதிட்ட கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இருவர் சொன்னதும் சரிதான், அளந்த பொருள்தான் வேறு. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் *#*#4636#*#* என்று அழுத்தினால் இந்த எண்களைப் பார்க்கலாம்.

இனி டவர். ஆண்டெனாவுக்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும் கேபிளைச் சோதிக்கும் கருவியை அந்த நாளின் வெப்பநிலையில், சோதனைக் கம்பியின் முனையிலேயே, திறந்த முனை, குறுக்கிணைப்பு (ஷார்ட்), சுமை (ஆற்றலைத் திருப்பாமல் ஏற்கும் முனை) என்ற மூன்றையும் வரிசையாக மாட்டி அளவுதிருத்தம் செய்யுங்கள். காலையில் செய்த அளவுதிருத்தத்தை நண்பகல் வெயிலில் நம்ப வேண்டாம். ஆண்டெனா பக்கத்திலிருந்து எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண் விஎஸ்டபிள்யூஆர். அது 1.5 என்றால் அனுப்பிய ஆற்றலில் 4 விழுக்காடு திரும்பி வருகிறது, அது ஏற்கத்தக்கது. 2 என்றால் 11 விழுக்காடு திரும்புகிறது. கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

ஆனால் குறைந்த விஎஸ்டபிள்யூஆர் இருந்தாலே ஆண்டெனா நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மொட்டைமாடி நிலையம் ஒன்றில் கருவி 1.3 என்று காட்டியது. அந்த செக்டாரில் (ஓர் ஆண்டெனா நோக்கும் திசைப் பகுதியில்) மட்டும் 200 மீட்டர் தாண்டினால் சிக்னல் சரிந்துகொண்டிருந்தது. ஆண்டெனாவின் அடியிலிருந்த கனெக்டரைக் கழற்றியபோது உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. நடு ஊசியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. ஈரம் புகுந்த கேபிள் ஆற்றலைத் திருப்பி அனுப்புவதில்லை, விழுங்கிவிடுகிறது. ஒரு வழியில் 8 டெசிபெல் இழக்கும் கேபிளின் மறுமுனையில் ஆண்டெனாவே இல்லாவிட்டாலும், போய்த் திரும்பும் ஆற்றல் 16 டெசிபெல் தேய்ந்துவிடுவதால், கருவியில் விஎஸ்டபிள்யூஆர் 1.4க்குள்தான் தெரியும். ஆகவே ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, கேபிளின் மறுமுனையில் குறுக்கிணைப்பை மாட்டி, கேபிள் இழப்பைத் தனியாக அளந்து, அந்த நீளத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் தயாரிப்பாளர் தரும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள் மிகப் பலர்.

ஆண்டெனாவின் திசையையும் சாய்வையும் ஏட்டில் உள்ளபடி ஏற்காமல் நேரில் அளக்க வேண்டும். டவரின் இரும்பு திசைகாட்டியை இழுத்துவிடும் என்பதால், தள்ளி நின்று ஆண்டெனாவின் முகத்துக்கு நேராகப் பார்த்துத் திசையைக் குறியுங்கள். 30 மீட்டர் உயரத்தில் 6 பாகை சாய்வுள்ள ஆண்டெனாவின் மையக் கற்றை ஏறத்தாழ 285 மீட்டரில் தரையைத் தொடும். ஏட்டில் 6 என்று எழுதியிருந்து உண்மையில் 2 பாகைதான் இருந்தால் அதே கற்றை 860 மீட்டர்வரை ஓடி, பக்கத்து செல்லின் (வேறோர் ஆண்டெனா சேவை தரும் பகுதியின்) எல்லைக்குள் புகுந்துவிடும். ஒவ்வொரு செக்டாருக்கும் முன்னால் நின்று, கைப்பேசி காட்டும் செல் அடையாள எண் அந்தத் திசைக்கு உரியதுதானா என்றும் பாருங்கள். இரண்டு செக்டார்களின் கேபிள்கள் மாறி மாட்டப்பட்டிருந்தால் வேறெந்தச் சோதனையும் அதை இவ்வளவு எளிதாகக் காட்டாது.

டவர் சரி என்று தெரிந்த பிறகே அலைபரவலை அளக்கலாம். இங்கே முதலில் கண்ணால் காண வேண்டியது ஒன்று உண்டு. 1800 மெகாஹெர்ட்ஸில் மாறாத ஒற்றை அலை அனுப்பும் சோதனை டிரான்ஸ்மிட்டரை ஏற்றிவைத்து, டவர் நேரடியாகத் தெரியாத ஒரு சந்தில் ரிசீவரின் ஆண்டெனாவை மேசையின்மேல் விரலளவு விரலளவாக நகர்த்துங்கள். −80 என்று நின்ற எண் நாலைந்து சென்டிமீட்டரில் −100க்கு விழுந்து, இன்னும் நாலைந்து சென்டிமீட்டரில் மறுபடி ஏறுவதைக் காணலாம். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் கூடியும் அடுத்த இடத்தில் ஒன்றையொன்று அழித்தும் செய்யும் வேலை இது. பள்ளத்துக்குப் பள்ளம் ஏறத்தாழ அரை அலைநீளம், அதாவது 8 சென்டிமீட்டர். ஓரிடத்தில் நின்று எடுத்த ஒற்றை அளவு எதையும் சொல்லாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இந்த ஏற்ற இறக்கத்தை நீக்கி, கட்டடங்களின் நிழலால் வரும் உண்மையான மாற்றத்தை மட்டும் வைத்துக்கொள்ள செல்பேசித் துறைப் பொறியாளர் வில்லியம் லீ வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: 20 முதல் 40 அலைநீளம்வரை உள்ள தொலைவில் ஏறத்தாழ 36 முதல் 50 அளவுகள் எடுத்துச் சராசரி காண வேண்டும். தொலைவு குறைந்தால் பள்ளங்கள் எஞ்சும். கூடினால் நிழலும் சேர்ந்து மழுங்கிவிடும். 1800 மெகாஹெர்ட்ஸில் 40 அலைநீளம் என்பது 6.7 மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அதை 0.67 நொடியில் கடந்துவிடுவதால், நொடிக்கு 75 அளவுகளாவது எடுக்கும் ஸ்கேனர் தேவை. நொடிக்கு ஓர் எண் தரும் கைப்பேசிச் செயலியால் அது முடியாது. எனினும் கைப்பேசியின் ஆர்எஸ்ஆர்பி பல துணை அலைகளிலும் ஒரு கால அளவிலும் ஏற்கெனவே சராசரியாக்கப்பட்டு வருவதால், அதைப் பயனற்றது என்று தள்ள வேண்டியதில்லை. தெருவை 20 மீட்டர்க் கட்டங்களாகப் பிரித்து, நான்கைந்து முறை போய்வந்து, கட்டத்துக்குக் கட்டம் சராசரி எடுத்தால் நம்பத்தக்க படம் கிடைக்கும்.

ஒற்றை அலைச் சோதனையில் சராசரி எடுக்கும்போது டிபிஎம் எண்களை அப்படியே கூட்டி வகுக்க வேண்டாம். மில்லிவாட்டுக்கு மாற்றிச் சராசரி கண்டு, மறுபடி டிபிஎம்முக்குத் திருப்ப வேண்டும். நேர்வழி அலை இல்லாத இடத்தில் டிபிஎம்மிலேயே சராசரி எடுத்தால் விடை 2.5 டெசிபெல் குறைவாக வரும். கைப்பேசி எல்லாச் சுற்றிலும் ஒரே உயரத்தில், ஒரே பிடியில், உடலிலிருந்து தள்ளி இருக்கட்டும். டவருக்கும் கைப்பேசிக்கும் நடுவில் நம் உடல் வந்தாலே 3 டெசிபெல்லோ அதற்கு மேலோ குறைந்துவிடும்.

இனிக் கணக்கு. 20 வாட், அதாவது 43 டிபிஎம் ஆற்றலை 1200 துணை அலைகளுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 12 டிபிஎம் கிடைக்கும். ஆற்றலை ஒரே திசையில் குவிப்பதால் ஆண்டெனா தரும் பெருக்கம், அதாவது கெயின், 17 டிபிஐ, ஜம்பர் என்னும் சிறு இணைப்புக் கேபிளிலும் கனெக்டர்களிலும் இழப்பு 1 டெசிபெல் என்றால் புறப்படுவது 28 டிபிஎம். 400 மீட்டரில் சராசரி ஆர்எஸ்ஆர்பி −95 என்றால் பாதை இழப்பு 123 டெசிபெல். தடையில்லாத வெளியில் 1800 மெகாஹெர்ட்ஸ் அலை அதே தொலைவில் ஏறத்தாழ 90 டெசிபெல்தான் இழக்கும். மிச்சமுள்ள 33 டெசிபெல்லும் கட்டடங்கள், மரங்கள் ஆகியவற்றின் கணக்கு.

இதையே பல தொலைவுகளுக்குச் செய்து, தொலைவை மடக்கை அளவில் வைத்து வரைந்தால் ஒரு சரிவு கிடைக்கும். டோக்கியோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஜப்பானியப் பொறியாளர் ஒக்குமுரா எடுத்து 1968இல் வெளியிட்ட அளவீடுகளை 1980இல் ஹாட்டா சூத்திரமாக்கினார். அதன்படி 30 மீட்டர் உயர ஆண்டெனாவுக்குத் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் இழப்பு 10.6 டெசிபெல் கூடும். உங்கள் சரிவு அதற்கு அருகில் இருந்து, கோடு முழுவதும் மட்டும் 6 அல்லது 8 டெசிபெல் கீழே இறங்கியிருந்தால், முதலில் ஆண்டெனாவையும் கேபிளையும் ஐயப்படுங்கள். டவருக்கு அருகில் எண்கள் சரியாக இருந்து, ஒரு தெரு முனைக்குப் பின் மட்டும் விழுந்தால் குறை வழியில் இருக்கிறது. எங்கள் ஊர்களின் ஓட்டு வீடுகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் டோக்கியோவின் எண் அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சரிவின் வடிவம்தான் நமக்குப் பயன்.

ஆண்டெனாவின் கற்றை வடிவத்தை மிகச் சரியாக அளக்க எதிரொலியற்ற அறை வேண்டும். களத்தில் செய்யக்கூடியது, டவரை மையமாக வைத்து ஏறத்தாழ ஒரே தொலைவில் வில்போலச் சுற்றி வருவது. 65 பாகை அகலமுள்ள பேனல் ஆண்டெனா நேர்த்திசையிலிருந்து 32 பாகை விலகும்போது 3 டெசிபெல்லும், 60 பாகையில் ஏறத்தாழ 10 டெசிபெல்லும் குறைய வேண்டும். பின்பக்க அளவை ஊருக்குள் நம்ப முடியாது. எதிர்க் கட்டடத்தில் பட்டுத் திரும்பும் அலை அதை உயர்த்திக் காட்டிவிடும். ஸ்கேனர் இருந்தால் ஆண்டெனாவின் இரண்டு அனுப்பு முனைகளின் ஆர்எஸ்ஆர்பியையும் தனித்தனியே பாருங்கள்: காற்று இரண்டையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே நடத்தும் என்பதால், சுற்று முழுவதும் ஒன்று மட்டும் 5 டெசிபெல் பின்தங்கினால் அந்த முனையின் கேபிளில் பழுது இருக்கிறது.

ஆர்எஸ்ஆர்பி நன்றாக இருந்தும் இணையம் நகராத இடங்களை வேறாகக் குறித்து வையுங்கள். அங்கே குறை ஆற்றலில் அல்ல. பக்கத்து செல்களின் குறுக்கீட்டில் அல்லது நெரிசலில். குறுக்கீட்டையும் இரைச்சலையும் விடச் சிக்னல் எவ்வளவு வலிமையானது என்று சொல்லும் எஸ்ஐஎன்ஆர் எண்ணையும், அதே இடத்தில் எத்தனை செல்கள் 6 டெசிபெல் வேறுபாட்டுக்குள் கேட்கின்றன என்பதையும் பார்த்தால், சாய்வைக் கூட்ட வேண்டியது எந்த டவரில் என்று தெரிந்துவிடும்.

சரிசெய்த பிறகு அதே கைப்பேசியோடு, அதே தெருக்களில், அதே உயரத்தில் மறுபடி நடந்து, இரண்டு நாள் பதிவுகளையும் கட்டம் கட்டமாகக் கழித்துப் பாருங்கள். கட்டத்தின் சராசரி வேறுபாடு 3 டெசிபெல்லுக்குக் குறைவாக இருந்தால், அதை முன்னேற்றம் என்று நான் அறிக்கையில் எழுதுவதில்லை.