வீட்டில் ஒருவர் தவறிய பிறகு எந்தச் சொத்துக்கு எந்தச் சான்றிதழ் வாங்க வேண்டும்

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குக் கிளம்பும்போதே யாராவது ஒருவர் "வாரிசு சான்றிதழுக்கு எழுதிப் போட்டாச்சா?" என்று கேட்பார். இன்னொருவர் "அதெல்லாம் கோர்ட்ல வாங்கணும், நல்ல வக்கீலா பாருங்க" என்பார். இரண்டுமே பாதி சரி. தமிழ்நாட்டில் எல்லாவற்றையும் மாற்றித் தரும் ஒரே காகிதம் என்று எதுவும் கிடையாது. வங்கி ஒன்று கேட்கும், நிலத்துக்கு ஒன்று வேண்டும், ஷேருக்கு இன்னொன்று. அதனால் எந்த அலுவலகத்துக்கும் போகும் முன் ஒரு நோட்டை எடுத்து, இறந்தவர் பெயரில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள்: வீடு, நிலம், வங்கிக் கணக்கு, எஃப்.டி., எல்.ஐ.சி., பி.எஃப்., வண்டி, லாக்கர், வாங்கிய கடன். ஒவ்வொன்றுக்கும் எதிரே நாமினி யார், கணக்கு கூட்டாக இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் அப்பா இறந்தபோது இதைச் செய்யாமல் ஒவ்வொருவர் சொன்ன இடத்துக்கும் ஓடினோம். அந்த அலைச்சலில்தான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன்.

முதல் வேலை இறப்புச் சான்றிதழ். 21 நாளுக்குள் இறப்பைப் பதிய வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள், வீட்டில் இறந்தால் நாம்தான் சொல்ல வேண்டும். காலம் தள்ளத் தள்ள வேலை கூடும், ஒரு வருடம் தாண்டிவிட்டால் அதிகாரியின் உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும். ஆனால் தேதியைவிட நான் பயப்படச் சொல்வது பெயரைப் பற்றி. நம் ஊரில் ஒரே மனிதருக்கு ஆதாரில் இனிஷியல் பின்னால், பத்திரத்தில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுதாக, ரேஷன் கார்டில் கூப்பிடும் பெயர் என்று நாலு விதமாக இருக்கும். அந்தத் துக்கத்தில் யாரோ ஒரு பெரியப்பா மருத்துவமனைப் படிவத்தில் வாய்க்கு வந்தபடி ஒரு பெயரைச் சொல்லிவிட்டால், அதுதான் சான்றிதழில் ஏறும், அப்புறம் அதைத் திருத்த மாதக்கணக்கில் நடக்க வேண்டும். கையில் ஆதாரை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். மனைவி பெயர், அப்பா அம்மா பெயர், முகவரி எல்லாவற்றையும் அப்படியே சரிபாருங்கள். ஏற்கெனவே வித்தியாசம் இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்வது பல இடங்களில் கைகொடுக்கும்.

அடுத்த கேள்வி, உயில் இருக்கிறதா? பீரோ, லாக்கர், பழைய ஃபைல், குடும்ப வக்கீல் என்று எல்லா இடத்திலும் தேடுங்கள். வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பார்த்தோம், உயில் எதுவும் வரவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள், உயில் அதில் வராது. அது தனிப் புத்தகத்தில் பதிவாகிறது. எழுதியவர் இறந்த பிறகு இறப்புச் சான்றிதழைக் காட்டி சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டு வாங்கலாம். பதிவு செய்யாத உயிலும் செல்லும், வெறும் வெள்ளைத் தாளில் எழுதியிருந்தாலும் சரி. எழுதியவர் கையெழுத்தும், குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும்தான் முக்கியம்.

உயில் கிடைத்தால்தான் ப்ரோபேட் என்ற பேச்சே வருகிறது. இதுதான் அவருடைய உண்மையான கடைசி உயில் என்று நீதிமன்றம் சோதித்துக் கொடுக்கும் உத்தரவு அது. சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய பயம் உண்டு. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆவது பிரிவுப்படி, சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் எல்லைக்குள், அதாவது சென்னை நகருக்குள், இந்துக்கள் எழுதிய உயிலுக்கும், அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு மனை பற்றிய உயிலுக்கும் ப்ரோபேட் கட்டாயமாக இருந்தது. மதுரையிலோ கோவையிலோ எழுதி, சொத்தும் அங்கேயே இருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. ஆனால் கட்டாயம் போனதே தவிர ப்ரோபேட் போகவில்லை. உயிலில் யாராவது ஒருவருக்கு அதிகமாகவோ ஒருவருக்கு ஒன்றுமே இல்லாமலோ எழுதியிருந்தால், வீட்டில் முணுமுணுப்பு இருந்தால், ப்ரோபேட் வாங்கிவிடுவதே நல்லது என்பேன். பின்னால் அந்தச் சொத்தை வாங்க வருபவரின் வக்கீல் கேட்கும் கேள்விக்கும் அதுதான் பதில்.

உயிலில் நிறைவேற்றுநர், அதாவது உயிலில் சொன்னதைச் செய்து முடிக்க வேண்டியவர், என்று யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ப்ரோபேட் கேட்க முடியும். யார் பெயரும் இல்லை என்றால் அதற்குப் பதிலாக, உயிலை இணைத்து, சொத்து நிர்வாகத்துக்கான உத்தரவு கேட்க வேண்டும். சென்னையில் உயர் நீதிமன்றம், மற்ற ஊர்களில் மாவட்ட நீதிமன்றம். அசல் உயில், இறப்புச் சான்றிதழ், சொத்துப் பட்டியலும் மதிப்பும், மற்ற வாரிசுகளின் விவரம், அப்புறம் கையெழுத்துப் போட்ட சாட்சிகளில் ஒருவரின் உறுதிமொழி, இவ்வளவும் வேண்டும். கடைசியாகச் சொன்னதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இருபது வருடம் முன்பு சாட்சி போட்ட பக்கத்து வீட்டுக்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்று முதலிலேயே தேடத் தொடங்குங்கள். மற்ற வாரிசுகள் சம்மதம் எழுதிக் கொடுத்தால் வேலை சுலபம், யாராவது எதிர்த்தால் அது முழு வழக்காக மாறி வருடக்கணக்கில் இழுக்கும்.

உயில் இல்லாவிட்டால் பங்கு யாருக்கு என்பதைச் சட்டம் தீர்மானிக்கும். இந்துக் குடும்பம் என்றால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் கணக்கு வேறு, அதை அந்தச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் கேளுங்கள். இந்து ஆண் ஒருவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டுப் போனால், மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய அம்மா, எல்லோருக்கும் சம பங்கு. அந்த அம்மாவைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்! எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அப்பா போனபோது பாட்டி இருந்தார், அவருக்கும் பங்கு உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை, அவரும் கேட்கவில்லை. பாட்டி இருக்கும்போதே அவர் விருப்பப்படி, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அவர் காலமான பிறகு அந்தப் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போய்விட்டது, அதாவது சித்தப்பா, அத்தை எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் எங்கள் வீட்டை எங்களால் எதுவும் செய்ய முடியும் என்று ஆகிவிட்டது. அவர்கள் நல்லவர்கள், போட்டார்கள். எல்லா வீட்டிலும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது. கல்யாணமாகிப் போன மகள்களையும் விடக் கூடாது, அவர்களுக்கும் அதே அளவு பங்கு.

வாரிசு சான்றிதழ் தாசில்தார் தருவது. இ-சேவை மையத்திலோ இணையத்திலோ விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ.வும் (கிராம நிர்வாக அலுவலர்) ஆர்.ஐ.யும் (வருவாய் ஆய்வாளர்) விசாரித்து அறிக்கை அனுப்புவார்கள். ஒருவர் பெயரை மறைத்து வாங்கினால் பின்னால் ரத்தாகும், வழக்கும் வரும், எனவே அந்தக் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். இந்தச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று மட்டும்தான் சொல்லும், எந்தச் சொத்தையும் யாருக்கும் எழுதிக் கொடுக்காது. நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்றிதழ் வேறு. அது வங்கிப் பணம், ஷேர், வர வேண்டிய கடன் போன்றவற்றுக்கு மட்டும், வீடு நிலத்துக்கு உதவாது. நாமினி இல்லாத பெரிய தொகையோ வாரிசுகளுக்குள் தகராறோ இருந்தால்தான் பெரும்பாலும் அது தேவைப்படும். யாரும் கேட்காமல் நீங்களாகப் போய் மனுப் போட்டுச் செலவழிக்காதீர்கள்.

வங்கியில் நாமினி இருந்தால் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாளச் சான்று போதும், எல்லாம் சரியாக இருந்தால் 15 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எங்களிடம் ஒரு கிளையில் நாமினி இருந்தும் கோர்ட் பேப்பர் கேட்டார்கள். "எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்ட பிறகுதான் வேலை நடந்தது. ஆனால் நாமினி பணத்தை வாங்கும் கை மட்டுமே, அதை உரிய வாரிசுகளுக்கு அவர் பிரித்துக் கொடுக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 1984லிருந்து இதைச் சொல்லி வருகிறது. பின் நம்பர் தெரியும் என்பதற்காக இறந்தவரின் ஏ.டி.எம். கார்டில் பணம் எடுக்காதீர்கள், காரியச் செலவுக்கே ஆனாலும்.

வீடும் நிலமும் கடைசியில் வரட்டும். எல்லோரும் ஒத்துக்கொண்டால் பாகப்பிரிவினையோ, ஒருவருக்கு மற்றவர்கள் விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பதிவு செய்யலாம். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு. அதன் பிறகு பட்டா மாறுதல், சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு என்று வரிசையாகப் பெயர் மாற்றுங்கள். பட்டாவில் பெயர் ஏறிவிட்டாலே உரிமை வந்துவிட்டது என்று நினைத்து பத்திரத்தை விட்டுவிடாதீர்கள்.

மற்றவை சின்ன வேலைகள். வண்டி இருந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல், பெயர் மாற்ற மூன்று மாதத்துக்குள் படிவம் 31. வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால் பி.எஃப். பணத்துக்குப் படிவம் 20, ஓய்வூதியத்துக்கு 10டி, காப்பீட்டுக்கு 5ஐ.எஃப். இந்த மூன்றாவதைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள், 7 லட்சம் வரை கிடைக்கக்கூடிய பணம் அது. வாரிசாகப் பெற்ற சொத்துக்கு நம் நாட்டில் வரி இல்லை, ஆனால் இறந்தவருக்கு அந்த வருடம் வரிக்குரிய வருமானம் இருந்தால் வாரிசு ஒருவர் இணையத்தில் பதிந்து அவருக்காக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், அதுவரை அவருடைய பான் கார்டை ரத்து செய்யக் கூடாது. பழைய பாஸ்புக் ஏதாவது கிடைத்து அந்தக் கணக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை என்றால், யாரும் கேட்காமல் கிடக்கும் வங்கிப் பணத்தைத் தேட உதவும் ரிசர்வ் வங்கியின் உத்கம் (UDGAM) இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பெயரை ஒரே மாதிரி போடாமல், இனிஷியலை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.