கேஷ்ங்கிறது நம்ம காசுதானா? ஒரு சொல்லோட பூர்வீகம் தேடுறது எப்படி

தமிழ்ல இருந்து இங்கிலீஷுக்கு போன சொல்லுன்னு வாட்ஸ்அப்ல ஒரு பட்டியல் அடிக்கடி வரும், பாத்திருப்பிய. அதுல கட்டுமரம்தான் கேட்டமரான்னு இருக்கும், கூடவே காசுதான் கேஷ்னும் இருக்கும். கேட்டமரான் சரி, அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா கேஷ் அவ்வளவு லேசு இல்ல மக்கா. மார்த்தாண்டத்துல எங்க பாட்டா பலசரக்கு கடை வச்சிருந்தாரு, அவரு தகர டப்பாவுல திருவிதாங்கூர் செம்புக்காசு கொஞ்சம் கிடந்துச்சு, அத கையில வச்சு பாத்துட்டுதான் நானும் தேட ஆரம்பிச்சேன். தேடுன வழிய அப்படியே சொல்லுதேன், வேற எந்த சொல்லுக்கும் இதே வழி ஒத்து வரும்.

முதல்ல அந்த சொல்லுக்கு இன்னைக்கு இருக்கிற அர்த்தத்த விட்டுருங்க, பழைய அர்த்தம் என்னன்னு பாருங்க. கேஷ் இங்கிலீஷ்ல 1590கள்ல தலைகாட்டுது, அப்ப அதுக்கு பணம் போட்டு வைக்கிற பெட்டின்னும் அர்த்தம் இருந்துச்சு. இத்தாலியன்ல காஸ்ஸான்னா பெட்டி, பிரெஞ்சுலயும் அதே சொல்லு வேற உச்சரிப்புல இருக்கு, எல்லாத்துக்கும் தாய் லத்தீன்ல காப்ஸா, அதுவும் பெட்டிதான். மருந்துக்கடையில வாங்குற கேப்சூல் அந்த வழியில வந்த சின்னப் பெட்டி, பழைய பாட்டு கேசட்டும் அந்த வகைதான், கேஷியர்னா பெட்டிய பாத்துக்கிறவரு. பெட்டியோட பேரு அதுக்குள்ள கிடந்த பணத்துக்கு போயிட்டு, அவ்வளவுதான். நம்ம கடைத்தெருவுல "இன்னைக்கு கல்லா எவ்வளவு"ன்னு கேட்டா யாரும் பெட்டிய தூக்கி காட்ட மாட்டாங்க, வசூலத்தான் சொல்லுவாங்க, அதே கதை.

அப்ப காசுக்கும் கேஷுக்கும் சம்பந்தமே இல்லியான்னு நான் சோர்ந்து போன இடம் இதுதான், ஆனா அகராதிய அங்க மூடிரக்கூடாது. நல்ல இங்கிலீஷ் அகராதியில ஒரே எழுத்துல வர்ற ரெண்டு சொல்லுக்கு 1, 2ன்னு நம்பர் போட்டு தனித்தனியா குடுத்திருப்பாங்க, கட்டாயம் ரெண்டையும் படிக்கணும். கேஷ்லயும் ரெண்டு உண்டு. ரெண்டாவது கேஷ்னா தென்னிந்தியாவுலயும் சீனாவுலயும் ஓடுன சின்னக்காசு, அதுதான் நம்ம காசு. போர்ச்சுகீசியர் நம்ம கரையில காசுன்னு கேட்டத அவங்க மொழியில கைஷான்னு ஆக்குனாங்க, அவங்களுக்கு கைஷான்னா பெட்டின்னு ஏற்கெனவே ஒரு சொல்லு இருந்ததால வாய்க்கும் லேசா வந்திருக்கும், அது இங்கிலீஷ்காரங்க கிட்ட போய் கேஷ் ஆச்சு, நடுவுல ஓட்டை போட்ட சீன நாணயத்துக்கும் அதே பேரு விழுந்துச்சு. நோட்ட நீட்டி கேஷ்னு சொல்லுறமே அது முதலாவது, பாட்டா டப்பாவுல கிடந்தது ரெண்டாவது.

அடுத்து, சொல்லு நடமாடுனதுக்கு அடையாளம் தேடுங்க. கிழக்கிந்திய கம்பெனி சென்னைப் பக்கத்துக்குன்னு இங்கிலாந்துல அடிச்ச 1803ஆம் வருஷ செம்பு நாணயத்துல இருபது கேஷ்னு ரோமன் எண்ணோட இருக்கு. பணம்ங்கிறது அப்ப ஒரு நாணயத்தோட பேரு, நட்சத்திர வராகன் தங்க நாணயம். அந்தக் கணக்குல 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். நம்ம பக்கம் கணக்கு வேற, நம்ம கன்னியாகுமரி ஜில்லா அப்ப திருவிதாங்கூர் ராஜ்யத்துலதானே இருந்துச்சு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபா, பிரிட்டிஷ் ரூபான்னா இருபத்தெட்டரை சக்கரம். வீட்டுல வயசானவங்க இருந்தா சக்கரம்னு ஒரு வார்த்தை எடுத்து விடுங்க, அகராதியில கிடைக்காததெல்லாம் வரும்.

சத்தம் ஒண்ணா இருக்கேன்னு மட்டும் முடிவு பண்ணிராதீங்க. கேஷ்யூன்னா முந்திரி, அதுலயும் கேஷ் இருக்கு, முந்திரி உடைக்கிற அண்டியாபீஸ்ல பருப்பு நல்ல காசுக்கு போகுது, அதனால வந்த பேருன்னு யாராவது சொன்னா நம்பத்தான் தோணும். ஆனா கொல்லாமரம்ங்கிற முந்திரி மரம் பிரேசில்ல இருந்து வந்தது, அங்கத்த துப்பி மொழியில அகாஜு, போர்ச்சுகீசியர் வாயில காஜு, அப்புறம் கேஷ்யூ. பணத்துக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

எங்க தேடன்னா, 1886ல வந்த ஹாப்சன்-ஜாப்சன் இந்த மாதிரி சொல்லுக்குன்னே போட்ட அகராதி, அதுல கேஷ் கண்டிப்பா பாருங்க. சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகனையும் பக்கத்துல வச்சுக்கோங்க. ரெண்டுமே சிகாகோ பல்கலைக்கழகத்தோட தளத்துல சும்மாவே கிடைக்கும். ஒரு சொல்லுக்கு ரெண்டு அகராதியாவது பாக்காம யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க, தமிழுக்கு இல்லாத பெருமைய ஒட்டவச்சா உள்ள பெருமையவும் ஆளு நம்ப மாட்டான், எனக்கு அதுதான் வருத்தம்.

பழகிப் பாக்க நம்ம ஊர் சொல்லே போதும், தேங்கா நாருக்கு இங்கிலீஷ்ல சொல்லுற காயர் எடுங்க. கயிறுதானேன்னு தோணும், அகராதி மலையாளத்து கயரைக் காட்டும், ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதான், ஆனா இங்கிலீஷுக்கு போன வழி மலையாளக் கரை வழி. அது முடிஞ்சதும் கொப்பரையையும் தேக்கையும் பாருங்க, ரெண்டுலயும் நடுவுல போர்ச்சுகீசியன் நிப்பான்.