மாட்டு ஊசியை நாய்க்குப் போடாதீர்கள்: கோலி, ஷெப்பர்ட் இனங்களுக்கு உண்ணி, புழு மருந்து தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாட்டுக்குப் போட்டது போக மீதமிருக்கும் ஐவர்மெக்டின் என்ற புழு, உண்ணி மருந்தைச் சொறி பிடித்த நாய்க்கும் ஒரு மில்லி ஏற்றிவிடும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. பல நாய்கள் தாங்கிக்கொள்வதால் 'ஒன்றும் ஆகாது' என்ற தைரியமும் வந்துவிட்டது. அதே ஊசி ஒரு கோலிக்குப் போனால், காலையில் வாலாட்டி ஓடிவந்த நாய் இரவுக்குள் எழுந்து நிற்க முடியாமல் கிடக்கும்.

கணக்கைப் பார்த்தால் புரியும். மாட்டுக்கான 1 சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் ஐவர்மெக்டின் இருக்கிறது. 20 கிலோ நாய்க்கு ஒரு மில்லி போட்டால் கிலோவுக்கு 500 மைக்ரோகிராம். இதயப்புழு வராமல் தடுக்க மாதம் ஒருமுறை தரும் ஐவர்மெக்டின் மாத்திரையின் அளவோ கிலோவுக்கு வெறும் 6 மைக்ரோகிராம்தான். எண்பது மடங்குக்கும் மேல்! இந்த மருந்தைத் தாங்காத நாய்களுக்குக் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் அளவிலேயே நரம்புப் பாதிப்பு தொடங்கிவிடலாம். மாட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்து, சொட்டுக் கணக்கில் கொடுத்துச் சமாளிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். இவ்வளவு நுண்ணிய அளவை வீட்டு சிரிஞ்சில் பிடிக்க முடியாது.

சில நாய்களுக்கு மட்டும் ஏன் இப்படி? ரத்தத்தில் வரும் மருந்து மூளைக்குள் புகுந்துவிடாமல் வெளியே தள்ளும் புரதம் ஒன்று உண்டு. அதை உருவாக்கும் எம்.டி.ஆர்.1 மரபணுவில் நான்கே நான்கு எழுத்துகள் விடுபட்டுப் போனால் அந்தப் புரதம் வேலை செய்யாது. மருந்து மூளையில் போய்த் தேங்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேத்ரினா மீலியின் குழு 2001-இல் இதைக் கண்டுபிடித்தது. அங்கே கிடைத்த கணக்குப்படி கோலிகளில் சுமார் 70 சதவீதம், ஆஸ்திரேலியன் ஷெப்பர்டுகளில் பாதி, ஷெட்லாந்து ஷீப்டாக்கில் 15 சதவீதம், ஜெர்மன் ஷெப்பர்டில் 10 சதவீதம் இந்தக் குறையைச் சுமக்கின்றன. பார்டர் கோலியில் குறைவு, 5 சதவீதத்துக்கும் கீழே. நம் தெருக்களில் ஜெர்மன் ஷெப்பர்ட் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பத்தில் ஒன்று என்பது சின்ன எண்ணிக்கை இல்லை.

தோற்றத்தை வைத்து முடிவெடுப்பது அடுத்த தவறு. கலப்பு நாய்க்கு ஷெப்பர்டின் காது இல்லாமல் இருக்கலாம், மரபணு இருக்கலாம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்திருந்தால் ஆபத்து அதிகம். ஒரே பிரதி வந்த நாயும் அதிக அளவு மருந்தைத் தாங்காமல் போகலாம், குட்டிகளுக்கும் கடத்தும். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் துடைத்தெடுத்தோ ரத்தத்திலோ செய்யும் சோதனை இதைச் சொல்லிவிடும். வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். சோதனை செய்யும்வரை, பாதிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டே நடப்பதுதான் சரி.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பயந்து, எல்லா மருந்தையும் நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதுவும் அதே அளவு கவலை தருகிறது. உண்ணிக் காய்ச்சலும் கொசு பரப்பும் இதயப்புழுவும் நாயைக் கொல்லக்கூடியவை. 6 மைக்ரோகிராம் அளவில் ஐவர்மெக்டினே இந்த இனங்களுக்குப் பாதுகாப்பானது. இதயப்புழுவைத் தடுக்கத் தரும் மில்பெமைசின், செலமெக்டின், நாய்களுக்கென்றே வரும் மாக்ஸிடெக்டின் ஆகியவையும் அட்டையில் போட்டிருக்கும் அளவில் கொடுத்தால் பிரச்சினை இல்லை. குடற்புழுவுக்குத் தரும் பைரன்டெல், ஃபென்பென்டசோல், பிரசிகுவான்டெல் மூன்றுக்கும் இந்த மரபணுவோடு தகராறு கிடையாது. உண்ணிக்கு ஃப்ளூரலேனர், அஃபாக்சோலேனர் போன்ற மெல்லும் மாத்திரைகளும் தரலாம். ஆனால் வலிப்பு வந்த நாய் என்றால் அவற்றைக் கொடுக்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பெரிய நாய்க்கான மாத்திரையை வாங்கி நறுக்கிச் சின்ன நாய்க்குக் கொடுப்பதும் வேண்டாம். மருந்து துண்டுக்குத் துண்டு சமமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

பலருக்கும் தெரியாத ஆபத்து, மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதில் இருக்கிறது. தெள்ளுப்பூச்சிக்கான ஸ்பினோசாடும், தோல் பூஞ்சைக்குத் தரும் கீட்டோகொனசோலும் அந்தக் காவல் புரதத்தின் வேலையையே மட்டுப்படுத்துபவை. சொறிக்காக அதிக அளவு ஐவர்மெக்டின் போகும்போது இவற்றில் ஒன்றும் சேர்ந்தால், மரபணு நன்றாக இருக்கும் நாய்க்குக்கூட விஷமாகலாம். வயிற்றுப்போக்குக்கு நாம் சாப்பிடும் லோபிரமைடு மாத்திரையை ஒருபோதும் இந்த இனங்களுக்குக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் ஆடு, மாடு இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கால்நடைக்குப் போட்ட ஐவர்மெக்டினில் பெரும்பகுதி சாணத்தோடுதான் வெளியேறுகிறது. நாய் அந்தச் சாணத்தைத் தின்றாலும் நஞ்சேறும். மருந்து போட்ட நாட்களில் நாயைத் தொழுவத்துப் பக்கம் விடாதீர்கள். காலி குப்பியையும் சிரிஞ்சையும் அது நக்கும்படி போட்டுவைக்காதீர்கள்.

கண்மணி விரிவது, எச்சில் ஒழுகுவது, குடித்தவர்போல் தள்ளாடுவது, நடுக்கம், கண் தெரியாமல் சுவரில் முட்டுவது ஆகியவை முதல் அறிகுறிகள். சில மணி நேரத்திலேயே தொடங்கலாம். 'தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்' என்று காலைவரை காத்திருப்பதில்தான் பல உயிர்கள் போகின்றன. பாலோ எண்ணெயோ புகட்டாதீர்கள்: தள்ளாடும் நாயால் சரியாக விழுங்க முடியாது, நுரையீரலுக்குள் போய்விடும். மருந்துக் குப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். இதற்கென்று தனி முறிவு மருந்து இல்லை. ஆனால் சலைன், மூச்சுக்கு உதவி, புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கும் பராமரிப்பு ஆகியவை கிடைத்தால், நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்த நாய்களும் எழுந்திருக்கின்றன.

சோதனை முடிவு வந்ததும் தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். அமைதிப்படுத்தத் தரும் ஏசிப்ரோமசின், வலிக்குப் போடும் பியூட்டார்பனால், புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின் ஆகியவற்றின் அளவையும் இந்த நாய்களுக்குக் குறைக்க வேண்டியிருக்கும். புது மருத்துவரிடம் போகும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்ட வேண்டும்.